தண்ணீரில் ஒரு பண்டமாற்று

(தொடர் கல்வி மையத்தில் ஒரு தொண்டர் பேசிய பேச்சு)



பகல் முழுவதும் உழைத்துவிட்டு, இரவுச் சமையலையும் முடித்துவிட்டு, நோட்டும் பென்சிலுமாக இங்கே வந்திருக்கிறீர்கள். அம்மாக்களே, அக்காக்களே, அண்ணன்மார்களே, ஐயாமார்களே, உங்கள் எல்லோருக்கும் என் அன்பு.

போன வாரம் கூட்டல் குறி, கழித்தல் குறி படித்தோம். புள்ளி வைத்த எண்களையும் படித்தோம். 'இந்தப் புள்ளிக் கணக்கு நமக்கு எதற்கு?' என்று பலர் கேட்டீர்கள். இன்று நான் பேசப்போவது அதற்குப் பதில். நாம் குடிக்கும் தண்ணீரில் கூட்டல் குறி இருக்கிறது. கழித்தல் குறியும் இருக்கிறது. புள்ளி வைத்த எண்ணும் இருக்கிறது. அந்த எண்ணைப் படிக்கத் தெரியாததால் உடம்பைக் கெடுத்துக்கொண்ட ஊர்கள் நம் நாட்டில் உண்டு.

நான் பெரிய படிப்புப் படித்தவள் அல்ல. பன்னிரண்டாவது வரைதான் படித்தேன். படித்துத் தெரிந்துகொண்டதை எளிதாகச் சொல்லுகிறேன். புரியாவிட்டால் நடுவிலேயே கேளுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத அழுக்கு

நல்ல தண்ணீர் என்று எதைச் சொல்லுகிறோம்? தெளிவாக இருக்க வேண்டும். நாற்றம் இருக்கக் கூடாது. உப்புக் கரிக்கக் கூடாது. பருப்பு வேக வேண்டும். இவ்வளவுதான் நம் கணக்கு.

கலங்கல் இருந்தால் துணியில் வடிகட்டுகிறோம். கிருமி இருக்கும் என்று பயந்தால் கொதிக்க வைக்கிறோம். இரண்டும் நல்ல பழக்கம். இரண்டையும் விடக் கூடாது.

ஆனால், சில பொருள்கள் தண்ணீரில் முழுவதும் கரைந்துவிடும். சர்க்கரை தண்ணீரில் கரைவது போல. கரைந்த சர்க்கரையைத் துணியில் வடிகட்டி எடுக்க முடியுமா? முடியாது. கொதிக்க வைத்தால் போகுமா? போகாது. தண்ணீர் சுண்டச் சுண்டப் பாகுதான் கெட்டியாகும்.

நைட்ரேட் என்று ஒன்று இருக்கிறது. ஆர்சனிக் என்று ஒன்று இருக்கிறது. இரண்டும் இப்படிக் கரைந்து நிற்பவை. நிறம் இல்லை. மணம் இல்லை. கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. கொதிக்க வைத்தால் குறையாது. தண்ணீர் ஆவியாகிப் போவதால், மீதித் தண்ணீரில் அது இன்னும் கூடும்.

அப்படியானால் இவற்றை எப்படி எடுப்பது? ஒரு வழி, பண்டமாற்று. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

பேரீச்சம்பழக்காரர்

முன்பு தெருவில் பேரீச்சம்பழக்காரர் வருவார். நினைவு இருக்கிறதா? பழைய இரும்பைக் கொடுத்தால் பேரீச்சம்பழம் கொடுப்பார். வேண்டாத ஓட்டைச் சாமானை வாங்கிக்கொள்வார். தின்னக் கூடியதைக் கொடுத்துவிட்டுப் போவார்.

தண்ணீருக்குள் இதே வேலையைச் செய்கிற ஒரு பொருள் இருக்கிறது. அதற்கு ரெசின் என்று பெயர். ரெசின் என்றால் பிசின். மரத்தில் வடியும் பிசின் அல்ல. ஆலையில் செய்கிற பிசின்.

பார்ப்பதற்கு ரவை போல, கசகசா போல இருக்கும். சின்னச் சின்ன உருண்டை மணிகள். ஒரு மணி ஒரு மில்லிமீட்டர் இருந்தால் பெரிது. பெட்டிக்குள் வைத்துக் கட்டுகிறார்களே தெர்மோகோல், அதைச் செய்யும் ஸ்டைரீன் என்ற பொருளில் இருந்துதான் இந்த மணிகளையும் செய்கிறார்கள். தண்ணீரில் கரையாதபடி நன்றாகப் பின்னிவிடுகிறார்கள்.

இந்த மணி எப்படிப் பண்டமாற்றுச் செய்கிறது?

இங்கேதான் நம் கூட்டல், கழித்தல் குறி வருகிறது. தலை வாரிய பிளாஸ்டிக் சீப்பைக் காகிதத் துண்டுக்குப் பக்கத்தில் கொண்டு போனால், துண்டு ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதில் விளையாடியிருப்போம். அதற்குக் காரணம் மின்சாரம். கம்பியில் ஓடும் மின்சாரம் அல்ல. பொருளில் தங்கி நிற்கும் மின்சாரம். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றுக்குக் கூட்டல் குறி போடுகிறார்கள். மற்றதற்குக் கழித்தல் குறி போடுகிறார்கள். கூட்டலும் கழித்தலும் ஒன்றை ஒன்று இழுக்கும். கூட்டலும் கூட்டலும் விலகும். கழித்தலும் கழித்தலும் விலகும்.

சோற்று உப்பைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகிறது? உப்பு இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி சோடியம். அதற்குக் கூட்டல் குறி. மறுபாதி குளோரைடு. அதற்குக் கழித்தல் குறி. இப்படி மின்சாரத்தோடு நிற்கும் துணுக்கை அயனி என்கிறோம். கழித்தல் குறி உள்ளதை எதிர் அயனி என்கிறோம். நைட்ரேட் ஓர் எதிர் அயனி. சல்பேட் ஓர் எதிர் அயனி.

இப்போது ரெசின் மணியைப் பாருங்கள். அதன் உடம்பு முழுவதும் கூட்டல் குறிகளைப் பதித்து வைத்திருக்கிறார்கள். அவை நகராது. ஒவ்வொரு கூட்டலுக்கும் பக்கத்தில் ஒரு குளோரைடு உட்கார்ந்திருக்கும். நைட்ரேட் உள்ள தண்ணீர் மணிகளுக்கு நடுவே ஓடுகிறது. மணி நைட்ரேட்டைப் பிடித்துக்கொள்கிறது. அதற்குப் பதிலாகக் குளோரைடை விட்டுவிடுகிறது. நைட்ரேட் பழைய இரும்பு. குளோரைடு பேரீச்சம்பழம். நாம் தினமும் உப்பில் சாப்பிடுவதும் அதே குளோரைடுதான்.

இந்த வகை ரெசினுக்கு, வலிய எதிர் அயனிப் பரிமாற்ற ரெசின் என்று பெயர். பெயர் நீளம். மூன்று முறை சொன்னால் பழகிவிடும். 'வலிய' என்று ஏன் சொல்லுகிறோம்? சில ரெசின்கள் புளிப்பான தண்ணீரில் மட்டும் வேலை செய்யும். அவை மெலிந்தவை. இந்த ரெசினின் கூட்டல் குறி எந்தத் தண்ணீரிலும் அப்படியே நிற்கும். மழையானாலும் வெயிலானாலும் தெருவுக்கு வரும் பேரீச்சம்பழக்காரர் போல.

மண்ணிடம் கற்றது

இந்தப் பண்டமாற்றை மனிதன் முதலில் எங்கே பார்த்தான்? வயலில்தான்.

1850இல் இங்கிலாந்தில் தாம்சன் என்ற நிலக்காரரும் தாமஸ் வே என்ற வேதியியல் அறிஞரும் ஒரு சோதனையைச் சொன்னார்கள். உரச்சத்துள்ள நீரை மண்ணில் ஊற்றினார்கள். அதில் இருந்த அம்மோனியாவை மண் பிடித்துக்கொண்டது. மண்ணில் இருந்த சுண்ணாம்புச் சத்து வெளியே வந்தது. மண் பண்டமாற்றுச் செய்திருந்தது.

பிறகு 1935இல், இங்கிலாந்தைச் சேர்ந்த ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற இருவர் இந்த வேலையைச் செய்யும் ரெசினை ஆலைச் சரக்கில் இருந்து உண்டாக்கிக் காட்டினார்கள். ஸ்டைரீனில் செய்த மணிகள் 1940களில் வந்தன.

மண்ணின் கதையில் நமக்கு இன்னொரு பாடம் இருக்கிறது. களிமண்ணின் உடம்பில் இருப்பது பெரும்பாலும் கழித்தல் குறி. ஆகவே கூட்டல் குறியுள்ள அம்மோனியத்தை அது பிடித்து வைக்கும். நைட்ரேட்டுக்கும் கழித்தல் குறி. அதனால் மண் அதைப் பிடிக்காது. நைட்ரேட் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். அதிகமாகப் போட்ட யூரியா, மாட்டுத் தொழுவத்துச் சிறுநீர், குப்பைமேடு, கழிவறைக் குழி எல்லாவற்றில் இருந்தும் நைட்ரேட் உண்டாகும். பக்கத்தில் கிணறு இருந்தால் அங்கே போய்ச் சேரும்.

குடிதண்ணீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் போனால் கைக்குழந்தைகளுக்குத்தான் முதல் ஆபத்து. அந்தத் தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், குழந்தையின் இரத்தம் காற்றைச் சுமக்கும் வலிமையை இழக்கலாம். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். உயிருக்கே ஆபத்தாகலாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று நர்சம்மா சொல்லுவதற்கு இதுவும் ஒரு நல்ல காரணம்.

பை நிறைந்தால் என்ன ஆகும்?

பேரீச்சம்பழக்காரர் தெருத்தெருவாகப் போகிறார். ஒரு நேரத்தில் பழம் தீர்ந்துவிடும். வண்டி இரும்பால் நிறைந்துவிடும். அப்புறம் அவர் கடைக்குப் போய் இரும்பை இறக்க வேண்டும். பழத்தை நிரப்ப வேண்டும்.

ரெசினும் அப்படித்தான். சில காலம் வேலை செய்தபின் குளோரைடு தீர்ந்துவிடும். அப்போது கெட்டியான உப்புத் தண்ணீரை அதன் வழியே விடுகிறார்கள். நாம் சமையலுக்குப் போடும் அதே உப்புத்தான். கூட்டமாக வரும் குளோரைடு, நைட்ரேட்டைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ரெசின் மறுபடியும் வேலைக்குத் தயார். ஒரே ரெசினை இப்படிப் பல முறை பயன்படுத்தலாம்.

இதில் இரண்டு கவனம் வேண்டும்.

முதல் கவனம்: நேரத்தில் கழுவ வேண்டும். ஏன் என்று சொல்லுகிறேன். வண்டி நிறைய இரும்பு இருக்கிறது. அப்போது ஒருவர் பித்தளைக் குடத்தைக் கொண்டு வருகிறார். பித்தளைக்கு மதிப்பு அதிகம். பேரீச்சம்பழக்காரர் என்ன செய்வார்? இரும்பைக் கீழே தள்ளிவிட்டுப் பித்தளையை ஏற்றிக்கொள்வார். சாதாரண ரெசினுக்கு நைட்ரேட்டைவிடச் சல்பேட் மீது ஆசை அதிகம். நிறைந்த பிறகும் தண்ணீரை ஓடவிட்டால், புதிதாக வரும் சல்பேட்டைப் பிடிக்கும். முன்பு பிடித்த நைட்ரேட்டை மொத்தமாக வெளியே தள்ளும். அப்போது வெளிவரும் தண்ணீரில், உள்ளே போனதைவிட அதிக நைட்ரேட் இருக்கும். இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தண்ணீரும் தெளிவாகத்தான் இருக்கும். குடிப்பது மட்டும் கெட்ட தண்ணீராக இருக்கும்.

இரண்டாவது கவனம்: கழுவிய உப்புத் தண்ணீரை எங்கே விடுவது? பிடித்த நைட்ரேட் எல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைக் கிணற்றுக்குப் பக்கத்தில் கொட்டினால், போனது மறுபடி வந்துவிடும். வீட்டைப் பெருக்கிக் குப்பையை வாசலிலேயே வைத்தது போல.

மேற்கு வங்கத்தின் கதை

இப்போது ஒரு பெரிய கதை. மேற்கு வங்காளத்தில் நடந்தது. இன்னும் முடியாத கதை.

முன்பு அங்கே கிராமத்து மக்கள் குளத்துத் தண்ணீரையும் ஆற்றுத் தண்ணீரையும் குடித்தார்கள். காலரா வந்தது. வயிற்றுப்போக்கில் குழந்தைகள் இறந்தன. ஆகவே கைப்பம்புகள் போட்டார்கள். தரைக்கு அடியில் இருந்து வரும் தண்ணீரில் கிருமி குறைவு. எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

சில ஆண்டுகள் போயின. சிலருக்கு மார்பிலும் முதுகிலும் கறுப்புப் புள்ளிகள் வந்தன. உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து முண்டு முண்டாக ஆயின. ஊரார் தொழுநோய் என்று நினைத்து ஒதுக்கினார்கள். பெண்களுக்கு வரன் அமையவில்லை. சிலரைப் புருஷன் வீட்டார் பிறந்த வீட்டுக்கே அனுப்பினார்கள்.

1983இல் கல்கத்தாவில் உள்ள வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே. சி. சாகா இந்த நோயாளிகளைப் பார்த்தார். இது தொழுநோய் அல்ல, தண்ணீரில் உள்ள ஆர்சனிக்கால் வந்த நோய் என்று கண்டறிந்தார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தீபங்கர் சக்ரவர்த்தி 1988 முதல் கிராமம் கிராமமாகப் போய்ப் பம்புத் தண்ணீரைச் சோதித்தார். மால்டா, முர்ஷிதாபாத், நதியா, வடக்கு 24 பர்கானா, தெற்கு 24 பர்கானா என்று மாவட்டம் மாவட்டமாக ஆர்சனிக் தெரிய வந்தது. பிறகு பீகார், உத்தரப் பிரதேசம், அசாம் மாநிலங்களிலும் தெரிந்தது.

ஒன்றை நன்றாக நினைவில் வையுங்கள். இந்த நோய் ஒட்டாது. ஒருவரைத் தொட்டதால் மற்றவருக்கு வராது. ஒரே பம்பில் குடித்தவர்களுக்கு வந்தது. அதனால் ஒட்டுநோய் போலத் தெரிந்தது. பல ஆண்டுகள் தொடர்ந்து குடித்தால் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய் கூட வரலாம்.

ஆர்சனிக்கை யாராவது கொட்டினார்களா? இல்லை. இமயமலையில் இருந்து ஆறுகள் கொண்டு வந்த வண்டல் மண்ணில் அது இருந்தது. மண்ணில் இரும்புத் துரு இருக்கிறது அல்லவா? அந்தத் துருவில் ஆர்சனிக் ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணுக்குள் காற்றுப் போகாத ஆழத்தில், மக்கிய இலைதழைகளைத் தின்னும் நுண்ணுயிர்கள் துருவைக் கரைத்துவிடும். துரு கரைந்தால் ஆர்சனிக் தண்ணீரில் இறங்கிவிடும்.

ஆகவே இரண்டு செய்திகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று இருந்தால் துரு ஆர்சனிக்கைப் பிடிக்கும். காற்று இல்லாவிட்டால் விட்டுவிடும். மற்ற எல்லாம் இதற்குள் அடக்கம்.

மணிக்குள் துரு

ஆர்சனிக்கை ரெசின் பிடிக்குமா? பாதி பிடிக்கும். தண்ணீரில் ஆர்சனிக் இரண்டு வேடத்தில் இருக்கிறது. ஒரு வேடத்துக்குக் கழித்தல் குறி உண்டு. அதை ரெசின் பிடிக்கும். இன்னொரு வேடத்துக்கு எந்தக் குறியும் கிடையாது. அது மணிகளுக்கு நடுவே நழுவிப் போய்விடும். பிடித்ததையும் சல்பேட் வந்து தள்ளிவிடும்.

அருப் சென்குப்தா என்ற வேதிப் பொறியியல் அறிஞர் அமெரிக்காவில் லீஹாய் பல்கலைக்கழகப் பேராசிரியர். அவரும் கூட இருந்தவர்களும் ஒரு வழி கண்டார்கள். வலிய எதிர் அயனி ரெசின் மணிக்குள்ளே, மிக மிக நுண்ணிய இரும்புத் துருவை நிரப்பினார்கள். மணி பழுப்பு நிறமாகும். மணியில் உள்ள கூட்டல் குறிகள் ஆர்சனிக்கை உள்ளே இழுக்கும். உள்ளே இருக்கும் துரு அதை இறுகப் பிடிக்கும். குறி இல்லாத ஆர்சனிக்கையும் துரு பிடிக்கும். சல்பேட் வந்தாலும் துரு எளிதில் விடாது.

துருவை மட்டும் போட்டால் போதாதா? நல்ல கேள்வி. தனித் துரு மாவு போன்றது. குழாயை அடைத்துவிடும். மணிக்குள் இருந்தால் தண்ணீர் தாராளமாக ஓடும்.

1997இல் தொடங்கி, இந்தக் குழுவினர் சிப்பூரில் உள்ள வங்காளப் பொறியியல் கல்லூரியுடன் சேர்ந்து கிராமங்களில் கைப்பம்போடு இணைந்த சுத்திகரிப்புக் கலன்களை வைத்தார்கள். முதலில் அலுமினா என்ற பொருளைப் போட்டார்கள். பின்னர் இந்தத் துரு மணிகளையும் பயன்படுத்தினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கலன்கள் வந்தன. 2007இல் அமெரிக்கப் பொறியியல் கழகம் நடத்திய கிரெய்ஞ்சர் போட்டியில், இந்த முறைக்கு வெள்ளிப் பரிசாக இரண்டு லட்சம் டாலர் கிடைத்தது. தங்கப் பரிசு அபுல் உசாம் என்ற வங்கதேசத்து அறிஞர் செய்த வீட்டு வடிகட்டிக்குக் கிடைத்தது. அதற்கும் அடிப்படை இரும்புதான்.

அந்தக் கலன் வேலை செய்ய மின்சாரம் வேண்டாம். கைப்பம்பை அடித்தால் தண்ணீர் கலனின் மேலே ஏறுகிறது. அங்கே காற்றுப் படுகிறது. தண்ணீரில் கரைந்திருந்த இரும்பு துருவாகிப் படிகிறது. கொஞ்சம் ஆர்சனிக்கையும் பிடிக்கிறது. பிறகு தண்ணீர் தானாக மணிகளின் வழியே இறங்குகிறது. கீழே குழாயில் பிடித்துக்கொள்ளலாம். படிந்த துருவை அவ்வப்போது தண்ணீரைத் திருப்பி விட்டுக் கழுவ வேண்டும். மணிகள் நிறைந்தபின் காஸ்டிக் சோடா கரைசலில் கழுவுவார்கள். அது தோலை அரிக்கும். பயிற்சி பெற்றவர்தான் தொட வேண்டும்.

கழுவி எடுத்த ஆர்சனிக் எங்கே போகிறது? குளத்திலா? கூடாது. அதை இரும்புச் சேறாக்கி, காற்றுப் படும்படி அமைத்த மணல் தொட்டியில் வைக்கிறார்கள். ஏன் காற்றுப் பட வேண்டும்? முன்பு சொன்னது நினைவு இருக்கிறதா? காற்று இருந்தால் துரு ஆர்சனிக்கை விடாது. மண்ணில் புதைத்துக் காற்றை அடைத்தால் மறுபடி விட்டுவிடும். மண்ணுக்குள் எது நோயை உண்டாக்கியதோ, அதைத் தெரிந்துகொண்டதால்தான் கழிவைக் காக்கும் வழி கிடைத்தது.

இயந்திரம் வந்தால் போதுமா?

போதாது. மேற்கு வங்கத்தில் பல நிறுவனங்கள் பல விதமான கலன்களை வைத்தன. அவற்றில் நிறைய நின்றுபோயின. திறப்பு விழா நடந்தது. மாலை போட்டார்கள். அதன் பிறகு கழுவ ஆள் இல்லை. சோதித்துப் பார்க்க ஆள் இல்லை. சில கலன்கள் ஓடின. ஆனால் அவற்றின் தண்ணீரிலும் ஆர்சனிக் அளவுக்கு மேல் இருந்தது. மக்கள் 'சுத்தம் செய்த தண்ணீர்' என்று நம்பிக் குடித்தார்கள்.

நன்றாக நடந்த இடங்களில் என்ன செய்தார்கள்? ஊரில் ஒரு குழு அமைத்தார்கள். குடும்பங்கள் மாதம் ஒரு சிறு தொகை கொடுத்தன. பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைத்தார்கள். தண்ணீரைத் தவறாமல் சோதனைக்கு அனுப்பினார்கள். வேறு மந்திரம் எதுவும் இல்லை.

வேறு எங்கே இந்த ரெசின் இருக்கிறது?

தண்ணீருக்கு மட்டும் அல்ல. கலந்து கிடப்பதைப் பிரிக்க வேண்டிய பல இடங்களில் இது வேலை செய்கிறது.

அனல் மின் நிலையத்துக் கொதிகலனுக்குத் துளி உப்பும் இல்லாத தண்ணீர் வேண்டும். இல்லாவிட்டால் குழாயில் படிவு கட்டும். அங்கே இரண்டு வகை ரெசின் வைக்கிறார்கள். ஒன்று கூட்டல் குறி உள்ளவற்றைப் பிடிக்கும். மற்றது கழித்தல் குறி உள்ளவற்றைப் பிடிக்கும். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரையும் இப்படித் தயாரிப்பது உண்டு. அதைக் குடிப்பதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

ஜார்க்கண்டில் ஜாதுகுடா என்ற ஊர் இருக்கிறது. 1960களில் அங்கே யுரேனியம் ஆலை வந்தது. பாறையில் யுரேனியம் மிகக் குறைவு. பாறையைப் பொடித்து அமிலத்தில் கரைக்கிறார்கள். அந்தக் கரைசலில் யுரேனியம் சல்பேட்டோடு சேர்ந்து கழித்தல் குறியோடு நிற்கும். எதிர் அயனி ரெசின் அதைப் பொறுக்கி எடுத்துவிடும். முறத்தில் புடைத்துக் கல்லைப் பொறுக்குவது போல.

மருந்திலும் உண்டு. இரத்தத்தில் கொழுப்பைக் குறைக்கக் கொலஸ்டிரமின் என்ற மருந்து இருக்கிறது. அதுவும் இந்த வகை ரெசின்தான். குடலில் பித்தப் பொருளைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். மருத்துவர் சொல்லாமல் சாப்பிடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் ரெசின் மருந்து அல்ல. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தண்ணீரில் புளோரைடு அதிகம். பல்லில் கறை வரும். எலும்பு வளையும். புளோரைடுக்கும் கழித்தல் குறிதான். ஆனால் சாதாரண எதிர் அயனி ரெசினுக்கு அதன் மீது ஆசை மிகக் குறைவு. சரியாகப் பிடிக்காது. அங்கே வேறு வழி எடுத்தார்கள். ஒகேனக்கல்லில் இருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டு வந்தார்கள். 2013இல் அந்தத் திட்டம் தொடங்கியது. நோய்க்குத் தக்க மருந்து. தண்ணீருக்குத் தக்க வழி.

சீட்டைப் படிப்போம்

இனி நம் புள்ளிக் கணக்கு. இந்தக் கரும்பலகையைப் பாருங்கள். தண்ணீர்ச் சோதனைச் சீட்டில் உள்ளது போல எழுதியிருக்கிறேன். எல்லா அளவும் ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்பது.

ஆர்சனிக் – 0.01க்கு மேல் கூடாது.
நைட்ரேட் – 45க்கு மேல் கூடாது.
புளோரைடு – 1.0 வரை நல்லது; 1.5க்கு மேல் கூடவே கூடாது.

0.01 என்றால் எவ்வளவு? ஒரு கிராம் தங்கக் காசின் எடையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த எடை ஆர்சனிக்கை ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரில், அதாவது பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் பத்து லாரித் தண்ணீரில் கரைத்தால் எவ்வளவோ, அவ்வளவு. அதற்கு மேல் போனாலே கெடுதல். கண்ணும் நாக்கும் இதைக் கண்டுபிடிக்குமா? எண்தான் சொல்லும்.

ஒரு பம்பின் சீட்டில் 0.05 என்று இருக்கிறது. அளவு 0.01. நல்லதா, கெட்டதா? 'புள்ளிக்குப் பின்னால் சின்ன எண்தானே' என்று விட்டுவிடாதீர்கள். ஐந்து மடங்கு அதிகம். 0.10 என்றால் பத்து மடங்கு. புள்ளி எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துப் படியுங்கள்.

2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், ஊர்ப் பெண்களுக்குத் தண்ணீர்ச் சோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி கொடுக்க வழி செய்திருக்கிறார்கள். மாவட்டத்தில் அரசு ஆய்வுக்கூடமும் உண்டு. பஞ்சாயத்தில் கேளுங்கள். எங்கள் ஊர்த் தண்ணீரைச் சோதித்த சீட்டு எங்கே என்று கேளுங்கள். சீட்டைக் கையில் வாங்கி நீங்களே படியுங்கள்.

உங்கள் ஊருக்கு ஒரு சுத்திகரிப்புக் கலன் வருகிறது என்று வையுங்கள். ஐந்து கேள்வி கேளுங்கள்.

1. நம் தண்ணீரில் என்ன இருக்கிறது? அதை இந்தக் கலன் எடுக்குமா?
2. எத்தனை நாளுக்கு ஒரு முறை கழுவ வேண்டும்? யார் கழுவுவார்?
3. கழுவிய கழிவு எங்கே போகும்?
4. எத்தனை மாதத்துக்கு ஒரு முறை தண்ணீரைச் சோதிப்பீர்கள்? சீட்டை எங்கே ஒட்டுவீர்கள்?
5. பழுதானால் யார் செலவு? எத்தனை நாளில் சரி செய்வார்கள்?

இந்த ஐந்துக்கும் பதில் இல்லாமல் மாலை போட வேண்டாம். கையெழுத்துக் கேட்டால், படித்துப் பார்க்காமல் போட வேண்டாம். முன்பு கைநாட்டு வைத்தோம். இப்போது படிக்கத் தெரியும். அந்தப் படிப்பு இந்த இடத்தில் உதவ வேண்டும்.

அந்த வங்கத்துக் கிராமங்களில் பம்பு இருந்தது. தண்ணீரும் வந்தது. தண்ணீரில் என்ன இருக்கிறது என்று சொல்லும் எண் மட்டும் மக்கள் கைக்கு வரவில்லை. வந்திருந்தால், பல பெண்கள் 'தொழுநோய்க்காரி' என்ற பேச்சைக் கேட்டிருக்க மாட்டார்கள். அடுத்த பம்புக்குக் கொஞ்ச தூரம் நடந்திருப்பார்கள். அவ்வளவுதான்.

சேர்ந்து பேசுவோம்

உங்கள் வீட்டுக் குடிதண்ணீர் எங்கே இருந்து வருகிறது? அது கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது?

உங்கள் கிணற்றுக்கும் கழிவறைக் குழிக்கும் எத்தனை அடி தூரம்? நாளை அளந்து நோட்டில் எழுதி வாருங்கள்.

0.01, 0.10, 0.05 – இவற்றைச் சிறியதில் இருந்து பெரியதாக எழுதுங்கள்.

அடுத்த வாரம் எல்லோருமாகச் சேர்ந்து பஞ்சாயத்துக்கு ஒரு கடிதம் எழுதுவோம். தண்ணீர்ச் சோதனைச் சீட்டைக் கேட்டு எழுதுவோம். நான் சொல்லச் சொல்ல எழுத வேண்டாம். நீங்களே எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் சேர்ந்து திருத்திக்கொள்வோம்.